நூலகர் நாற்காலியின் வரலாறு

தமிழகத்தில் நூலக விழா என்றால் மேடையில் பேசப்படுவது பெரும்பாலும் கட்டடங்களும் புத்தக எண்ணிக்கையும்தான். 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்ட கன்னிமாரா, 2010-ல் கோட்டூர்புரத்தில் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெருமையோடு வரிசை சொல்கிறோம். அந்தக் கதவுகளைக் காலையில் திறந்து மாலையில் பூட்டுகிறவர் தொழிலை எங்கே கற்றார், யார் கற்றுக்கொடுத்தார்கள், அவருடைய வேலைக்கு நாம் என்ன மதிப்பு வைத்தோம் என்பதை அந்த வரிசையில் யாரும் சொல்வதில்லை. விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது நான் எழுத விரும்பியது அதைத்தான். நூலகர்களுக்கான மலரில் நூலகர் வரலாறு இல்லாவிட்டால் வேறு எங்கே இருக்கப்போகிறது?

இந்த வரலாற்றை 1924 ஜனவரியில் தொடங்கலாம். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். எஸ். ஆர். அரங்கநாதனுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. மாணவர்களின் சத்தத்துக்குப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பிடிக்கவில்லை. வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே கல்லூரி முதல்வர் டங்கனிடம் போய், பழைய வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். நூலகராக நியமிக்கப்படுபவர் இங்கிலாந்து சென்று பயிற்சி பெற வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு. பயிற்சிக்குப் போய்விட்டு வாருங்கள், திரும்பி வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று டங்கன் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

இந்தச் சம்பவத்தை அரங்கநாதனின் வாழ்க்கையில் ஒரு சுவையான துணுக்காகவே பலரும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது துணுக்காகத் தோன்றவில்லை. பயிற்சி இல்லாமல் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட ஒரு மேதைக்கே அந்த வேலை வெறுமையாகத் தெரிந்தது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் படித்து, குரோய்டன் நகர நூலகத்தில் பெர்விக் சேயர்ஸின் கீழ் வேலையைக் கண்ணால் கண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்த பிறகு 1925-ல் கப்பலேறியவர் வேறு மனிதராக இருந்தார். திரும்பும் வழியில் கப்பலில் இருந்த நூலகத்தையே தம் புதிய பகுப்பு முறைப்படி அடுக்கிப் பார்த்தாராம். அதற்குப் பிறகு அவர் கணித வகுப்பைப் பற்றிப் பேசவே இல்லை. வேலையின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது அந்த ஒன்பது மாதப் பயிற்சி.

அரங்கநாதனுக்கு முன்பே இந்தியாவில் நூலகப் பயிற்சி இருந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்காவிலிருந்து வில்லியம் ஆலன்சன் போர்டனை வரவழைத்து, 1911-ல் தம் சமஸ்தானத்தில் ஒரு பயிற்சி வகுப்பை நடத்தச் செய்தார். 1915-ல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஏசா டான் டிக்கின்சன் இன்னொரு வகுப்பைத் தொடங்கினார். ஆந்திர தேச நூலக சங்கத்தாரும் பெஜவாடாவில் பயிற்சி தந்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஊருக்குத் திரும்பியதும் அவர் தொடங்கிய வேகம் குறைவது அந்த நாளில் வழக்கமாக இருந்தது. சென்னையில் நடந்தது வேறு. இங்கே பயிற்சியை முதலில் கையிலெடுத்தது அரசும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. ஒரு சங்கம்.

1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி அகில இந்தியப் பொது நூலக மாநாடு சென்னையில் கூடியது. அந்த உற்சாகம் ஆறுவதற்குள், 1928 ஜனவரியில், சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. வழக்கறிஞர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தலைவர், அரங்கநாதன் செயலாளர். சங்கத்தின் கனவுப் பட்டியலில் கிராமம்தோறும் நூலகம், நூலகத்துக்கென்று சட்டம் எல்லாம் இருந்தன. ஆனால் அடுத்த ஆண்டே சங்கம் செய்து முடித்த காரியம் 1929 கோடையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஊர் ஊராக நூலகம் இன்னும் வரவில்லை. வரும் என்பதற்குச் சட்ட உறுதியும் இல்லை. சட்டம் வர இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. அந்த நிலையில் நூலகரைத் தயார் செய்ய ஒரு பள்ளி! புத்தகம் வாங்கிவிட்டு ஆள் தேடுகிற இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிரான வழி அது. முதலில் ஆள், பிறகு அலமாரி.

கோடை விடுமுறையைத் தேர்ந்தெடுத்ததிலும் காரியக் கணக்கு இருந்தது. அக்காலத்தில் பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பார்த்துக்கொண்டவர்களில் பலர் ஆசிரியர்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது கோடையில்தான். 1928 டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மாநாட்டில் அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை முதன்முதலாக விளக்கியபோதும் எதிரே இருந்தவர்கள் ஆசிரியர்களே. பள்ளி தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1931-ல், சென்னைப் பல்கலைக்கழகம் அதைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. 1937-ல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டு முழுநேர டிப்ளமாவாக வளர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் பல்கலைக்கழக நூலகம் கடற்கரைச் சாலையில் தனக்கென்று எழுந்த கட்டடத்துக்குக் குடிபோயிருந்தது. வகுப்பறையும் தொழிற்கூடமும் ஒரே வளாகத்தில் அமைந்துவிட்டன. காலையில் பகுப்பு முறை படிக்கிற மாணவர் மாலையில் அதே எண்களை அலமாரியில் பார்க்கலாம். கன்னிமாராவிலும் மாவட்ட மைய நூலகங்களிலும் பின்னாளில் பெயர் சொல்லும்படி பணியாற்றிய பலர் இந்தப் படிப்பின் வழியாக வந்தவர்கள்.

சங்கம் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகள் நூல் நம் தொழிலின் அடிப்படை நூல் என்று எல்லோரும் சொல்கிறோம். தேர்வுக்குப் படித்தவர்கள் ஐந்து விதிகளையும் ஒப்பிப்பார்கள். அந்த நூலின் முதல் விதி அத்தியாயத்தில் நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், மேசை நாற்காலி ஆகியவற்றைச் சொன்ன கையோடு, நூலகப் பணியாளரின் கல்வி, பயிற்சி, சமூக மதிப்பு பற்றி அரங்கநாதன் விரிவாக எழுதியிருப்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. புத்தகம் பயன்பட வேண்டும் என்ற விதிக்குள்ளேயே நூலகரின் தகுதியையும் கௌரவத்தையும் அவர் கொண்டுவந்து வைத்தார். நூலகரின் சம்பளம் பற்றிப் பேசினால் சுயநலம் என்று கூசுகிற நம் சகாக்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். தகுதியில்லாத ஆளைக் குறைந்த சம்பளத்தில் உட்கார வைத்தால் அங்கே தோற்பது நூலகர் மட்டுமில்லை, வாசகரும்தான் என்பது அவர் வாதம்.

1935-ல் வந்த நூலக நிர்வாகம் பற்றிய அவருடைய நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் நொடியிலிருந்து அது வாசகர் கைக்குப் போய்த் திரும்பி, கிழிந்து, பைண்டிங்குக்குப் போய், கடைசியில் கழிக்கப்படும் வரை நூலகத்தில் நடக்கிற ஒவ்வொரு காரியத்தையும் பிரித்துப் பிரித்து எழுதினார். ஒரு வேலையை இப்படி எழுதி வைக்கும்போதுதான் அது வேலை என்று மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முன் நூலகர் என்றால் சாவிக்கொத்து வைத்திருப்பவர்.

அவர் வகுத்த பணியாளர் சூத்திரம் இந்தப் பார்வையின் உச்சம். கணித ஆசிரியர் அல்லவா, கணக்காகவே போட்டுக் கொடுத்துவிட்டார். ஆண்டுக்கு 6,000 நூல்கள் சேர்ந்தால் நூல் பிரிவில் ஒருவர். 500 பருவ இதழ்கள் வந்தால் இதழ்ப் பிரிவில் ஒருவர். நாளுக்கு 50 வாசகர்கள் வந்தால் குறிப்புதவிக்கு ஒருவர். நூல் வழங்கும் பிரிவுக்கு, ஒரு கவுன்டர் ஆண்டு முழுவதும் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறதோ அதை 1,500-ஆல் வகுக்க வேண்டும். நம் கிளை நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள். மொத்தம் 1,800 மணி. 1,500-ஆல் வகுத்தால் 1.2. புத்தகம் கொடுத்து வாங்குகிற கவுன்டருக்கு மட்டுமே ஓர் ஆள் போதவில்லை. அதே ஒற்றை ஆள்தான் பதிவேடு எழுதுகிறார், அலமாரி அடுக்குகிறார், உறுப்பினர் சேர்க்கிறார், மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புகிறார், போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நாற்காலி தேடிக் கொடுக்கிறார். இந்தச் சூத்திரத்தை நாம் தேர்வில் மதிப்பெண்ணுக்காக எழுதினோம். பணியிடக் கோரிக்கை மனுவில் எத்தனை பேர் எழுதினோம்?

சங்கத்தாரின் வேலை நகரத்தோடு நின்றுவிடவில்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடியைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. அதைப் பற்றிப் பல மலர்களில் படித்திருப்பீர்கள்; இங்கே விரிக்கவில்லை. 1933-ல் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் நூலக மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அரங்கநாதன் 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, காசிக்கும் பிறகு டெல்லிக்கும் போனார். அவர் போன பிறகுதான் அவர் கனவு நனவானது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியில் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். 1950 ஏப்ரல் 1 முதல் கன்னிமாரா மாநில மைய நூலகமானது. சொத்துவரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி நூலக வரி விதிக்கப்பட்டது. இன்று அது ரூபாய்க்குப் பத்து பைசா.

சட்டம் பணத்துக்கு வழி செய்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு வந்தது. ஆனால் துறையின் தலைமை நாற்காலியில் நூலகருக்கு இடம் கிடைக்கவில்லை. பொதுக் கல்வி இயக்குநரே நூலகங்களுக்கும் இயக்குநர். பள்ளிக்கூடங்கள், தேர்வுகள், ஆசிரியர் நியமனம் என்று நூறு வேலைக்கு நடுவில் நூலகம் அவருக்கு நூற்றோராவது வேலை. இருபதாண்டுகளுக்கு மேல் இதே நிலை. மருத்துவத் துறைக்கு மருத்துவரும் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளரும் தலைமை ஏற்பது எல்லோருக்கும் இயல்பாகத் தெரிகிறது. நூலகத் துறைக்கு நூலகர் என்று சொன்னால் மட்டும் ஏனோ யோசிக்கிறார்கள்.

1972-ல் பொது நூலகத் துறைக்குத் தனி இயக்ககம் அமைந்தபோது அந்த யோசனை தீர்ந்தது. முதல் இயக்குநராக வந்தவர் வே. தில்லைநாயகம். தேனி மாவட்டம் சின்னமனூரில் பிறந்து, நூலகவியல் படித்து, கன்னிமாராவின் நூலகராகப் பத்தாண்டுகள் இருந்தவர். 1982 வரை இயக்குநர் பொறுப்பில் இருந்தார். நம் துறையில் பதவி உயர்வு என்ற சொல்லுக்கு ஒரு முழு உருவம் அன்றுதான் கிடைத்தது என்பேன். கவுன்டரில் உட்கார்ந்து நூல் வழங்கிய ஒருவர் அந்தத் துறையின் தலைமைக்கே வரமுடியும் என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. இளம் நூலகர் ஒருவரை மேற்கொண்டு படிக்கத் தூண்ட இதைவிட என்ன வேண்டும்?

தில்லைநாயகத்தின் இன்னொரு பணியை இங்கே சொல்லாமல் போனால் நன்றி மறந்ததாகும். நூலகவியலைத் தமிழில் எழுதினார். நூலக உணர்வு, இந்திய நூலக இயக்கம் என்று அவர் நூல்கள் வந்த காலத்தில் நம் பாடநூல்கள் அனைத்தும் ஆங்கிலம். பள்ளி இறுதிப் படிப்போடு சான்றிதழ்ப் பயிற்சிக்கு வந்த ஒரு கிராமத்து இளைஞருக்கு முன்னே பகுப்பும் அட்டவணையும் ஆங்கிலத்தில் விரிந்தால் அவர் மனப்பாடம் செய்வார், புரிந்துகொள்ள மாட்டார். சேர்க்கைப் பதிவேடு, பகுப்பு எண், குறிப்புதவிப் பணி என்று இன்று நாம் புழங்குகிற தமிழ்ச் சொற்கள் ஒரு தலைமுறை நூலக ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து பழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. தன் வேலையைத் தன் மொழியில் பேச முடிவதும் ஒரு தொழிலுக்குக் கிடைக்கும் மதிப்புதான்.

தில்லைநாயகத்துக்குப் பின்னர் அந்தப் பொறுப்பில் கல்வித் துறை அதிகாரிகளும் ஆட்சிப் பணி அதிகாரிகளும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் நூலகத்தை நேசித்துப் பணியாற்றியவர்கள் உண்டு. அவர்கள் காலத்தில் நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. எனினும் 1972-ல் திறந்த கதவு நூலகர்களுக்காகத் திறந்தே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களின் கதை வேறு திசையில் போனது. 1957-ல் பல்கலைக்கழக மானியக் குழு அரங்கநாதன் தலைமையில் ஒரு நூலகக் குழுவை அமைத்தது. நூலகர்களின் தகுதியும் ஊதியமும் ஆசிரியர்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வர இடத்துக்கு இடம் கால தாமதம் ஆனாலும், இன்று கல்லூரி நூலகர் மானியக் குழு ஊதியம் பெறுகிறார் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. அதே ஆண்டில் அரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. டெல்லியில் அவரிடம் ஆய்வு செய்த டி. பி. கிருஷ்ணராவ் இந்தியாவில் நூலகவியலில் முதல் முனைவர் பட்டம் பெற்றதும் 1957-ல்தான். அதே காலகட்டத்தில் அரங்கநாதன் தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைய வழி செய்தார். 1950-களில் ஒரு லட்சம் எவ்வளவு பெரிய தொகை! அந்தப் பணத்தில் அவர் சிலையோ நினைவுக் கட்டடமோ எழுப்பவில்லை. வருங்கால நூலகருக்கு ஓர் ஆசிரியரை ஏற்படுத்தினார்.

கல்லூரி நூலகருக்குக் கிடைத்த அந்த ஏற்றம் பொது நூலகருக்குக் கிடைக்கவில்லை. தமிழகத்தின் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்களில் பெரும்பாலானவை கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும். ஊர்ப்புற நூலகர்கள் ஆண்டுக்கணக்காகச் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருந்தார்கள். பகுதி நேர நூலகங்களைப் பார்த்துக்கொண்டவர்கள் தினக்கூலியில் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பணியில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் பி.எல்.ஐ.எஸ்., எம்.எல்.ஐ.எஸ். முடித்தார்கள். கட்டணம் கைக்காசு. தேர்வுக்கு விடுப்பு எடுத்தால் நூலகம் பூட்டிக்கிடக்கும், வாசகர் கோபித்துக்கொள்வார். பட்டம் வாங்கி வந்த பிறகு பதவி உயர்வுப் பட்டியலுக்குக் காத்திருந்தார்கள். நம் துறையில் தொழில் வளர்ச்சி என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இவர்களுடைய இரவுப் படிப்புதான். இந்த மலரில் அவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லாமல் மேலே எழுத என்னால் முடியவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்காக, ஒரு கிளை நூலகர் வேலையை ஒரு பொழுது பக்கத்தில் நின்று பார்ப்போம். கதவைத் திறந்ததும் நாளிதழ்கள். ஒவ்வொன்றிலும் நூலக முத்திரை குத்தி மேசையில் வைப்பதற்குள் நான்கு பெரியவர்கள் வந்து காத்திருப்பார்கள். மாவட்ட மைய நூலகத்திலிருந்து புதிய புத்தகக் கட்டு வந்திருக்கிறது. கட்டைப் பிரித்துப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். தலைப்புப் பக்கத்தில் முத்திரை, அந்த நூலகம் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் ரகசியப் பக்கத்தில் இன்னொரு முத்திரை. அட்டை கிழிந்து, முதல் பக்கம் பறிபோய், பழைய புத்தகக் கடையில் அந்த நூல் கிடந்தாலும் ரகசியப் பக்கம் அது யாருடையது என்று சொல்லிவிடும். பிறகு சேர்க்கை எண், பகுப்பு எண், தேதித்தாள் ஒட்டுதல். நடுவில் ஒரு மாணவி வந்து குரூப் தேர்வுக்கான புத்தகம் கேட்கிறாள். அது இரவலில் போயிருக்கிறது. யாரிடம் இருக்கிறது, எப்போது வரும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இடையில் தொலைபேசி: இந்த மாத உறுப்பினர் சேர்க்கை எவ்வளவு, புரவலர் எத்தனை பேர்?

மாவட்ட நூலக அலுவலரின் நாற்காலியில் இந்தச் சுமை வேறு வடிவம் எடுக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த நூலக வரி ஆணைக்குழுக் கணக்குக்கு வந்து சேர வேண்டும். பாக்கி இருந்தால் கடிதம், நினைவூட்டல், நேரில் போய்ப் பேசுதல். வாடகைக் கட்டடங்களின் ஒப்பந்தம், மழைக்கு ஒழுகும் கூரை, ஆளில்லாத நூலகத்துக்குப் பக்கத்து ஊர் நூலகரைக் கூடுதல் பொறுப்பில் போடுவது, தணிக்கைத் தடைகளுக்குப் பதில். இவற்றில் எதுவும் நூலகவியல் பட்டப் படிப்பில் பாடமாக வருவதில்லை. பகுப்பும் அட்டவணையும் தெரிந்த ஒருவரை நிதி, பணியாளர், கட்டடம் ஆகிய மூன்றுக்கும் பொறுப்பாக்கிவிட்டு, அலுவலகப் பழைய கோப்புகளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று விட்டுவிடுகிறோம். நிர்வாகப் பொறுப்புக்கு வருகிறவருக்கென்று தனிப் பயிற்சி தேவை என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். வரவு செலவுத் திட்டம் எழுதுவது, தணிக்கைக்குப் பதில் அளிப்பது, ஆணைக்குழு உறுப்பினர்களிடம் ஒரு திட்டத்தை எடுத்துச் சொல்வது, ஒற்றை ஆளாக இருக்கும் கிளை நூலகரின் மனம் சோராமல் பார்த்துக்கொள்வது, இவையெல்லாம் கற்றுக்கொடுத்தால் வரக்கூடியவை.

இருப்புச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. நூலகர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். குறையும் புத்தகத்துக்கு நூலகரே பதில் சொல்ல வேண்டும், பல இடங்களில் பணமும் கட்ட வேண்டும் என்ற பயம் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், அலமாரிக்குப் பூட்டு போடும் பழக்கத்தில். அரங்கநாதன் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகரை அலமாரி வரை தாராளமாக விட்டார். புழங்குகிற நூலகத்தில் சில புத்தகங்கள் தொலையத்தான் செய்யும். நேர்மையான இழப்பையும் கவனக்குறைவையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிர்வாகியே தன் கீழ் இருக்கும் நூலகருக்கு அச்சமில்லாமல் வேலை செய்யும் துணிவைத் தர முடியும். அந்தத் துணிவு தருவதை நான் விருதுக்கு மேலான அங்கீகாரமாக நினைக்கிறேன்.

விருதுக்கு வருகிறேன். தமிழக அரசு எஸ். ஆர். அரங்கநாதன் பெயரில் நல்நூலகர்களுக்கு விருது வழங்குகிறது. வெள்ளிப் பதக்கம், நற்சான்றிதழ், ரொக்கம். நவம்பர் 14-ல் தொடங்கும் தேசிய நூலக வாரத்தையொட்டி இந்தச் செய்தி நாளிதழ்களில் வரும். வாசகர் வட்டத்தாருக்கு நூலக ஆர்வலர் விருதும் உண்டு. அதிக உறுப்பினர், அதிக புரவலர், அதிக நன்கொடை சேர்த்த மாவட்டங்களுக்குக் கேடயமும் உண்டு. அந்த விழாக்களில் நான் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் அழைத்ததும் மேடைக்குப் போகிற ஊர்ப்புற நூலகரின் முகத்தையும், கீழே வரிசையில் இருந்து கைதட்டுகிற அவர் குடும்பத்தையும் பார்த்தவர்கள் இந்த விருது வேண்டியதா என்று கேட்க மாட்டார்கள். வெளியூரில் ஒரு சிறு கட்டடத்துக்குள் ஆண்டுக்கணக்காகத் தனியாக உட்கார்ந்திருந்தவரை அரசு பெயர் சொல்லி அழைக்கிறது. அது பெரிய விஷயம்.

என் ஆதங்கம் விருதின் அளவுகோலைப் பற்றியது. உறுப்பினர் எண்ணிக்கை, புரவலர் எண்ணிக்கை, நன்கொடைத் தொகை ஆகியவை எளிதில் எண்ணத்தக்கவை. அதனால் அவையே முன்னுக்கு வந்துவிடுகின்றன. வசதியுள்ள ஊரில் புரவலர் கிடைப்பது எளிது. கூலி வேலைக்காரர்கள் வாழும் ஊரில் அரிது. அப்படிப்பட்ட ஊரில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் நூலகத்துக்கு வரவைத்த நூலகர் எந்தப் பட்டியலிலும் மேலே வரமாட்டார். சிதறிக்கிடந்த பத்திருபது ஆண்டுப் பதிவேடுகளைச் சீர்செய்து கொடுத்தவர், பக்கத்து நூலகத்தின் புதிய பணியாளருக்கு ஓய்வு நாளில் போய் வேலை கற்றுக்கொடுத்தவர், வரி பாக்கியை விடாமல் கேட்டுப் பெற்று மாவட்டத்துக்குப் புதிய கட்டடங்கள் கொண்டுவந்த அலுவலர், இவர்களுடைய வேலை கண்ணுக்குத் தெரியாது. தெரியவைக்க வேண்டியது தேர்வுக் குழுவின் கடமை. அரங்கநாதன் எண்ணிய எண்களும் இருந்தன. ஆனால் வாசகருக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆள் கிடைக்கிறது என்றே அவர் எண்ணினார்.

மலர்க் குழுவினர் இந்த இதழில் விருது பெற்ற நூலகர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுவதாகச் சொன்னார்கள். நல்ல செய்தி. ஒரு வேண்டுகோளும் உண்டு. பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொருவரும் தங்கள் நூலகத்தில் செய்த ஒரே ஒரு காரியத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எப்படித் தொடங்கினார்கள், யார் உதவினார்கள், எங்கே தடங்கல் வந்தது, எவ்வளவு செலவானது என்று உள்ளது உள்ளபடி. அந்தப் பக்கங்களைத் தொகுத்தால் சான்றிதழ்ப் பயிற்சி வகுப்புக்கு நம் மண்ணிலேயே விளைந்த பாடநூல் கிடைத்துவிடும். பதக்கம் பெற்றவரை அடுத்த பயிற்சி முகாமுக்கு ஆசிரியராக அழையுங்கள். பயணப்படியும் மதிப்பூதியமும் கொடுத்து, பணியில் இருப்பதாகக் கணக்கிட்டு அழையுங்கள். 1929 கோடையில் சங்கத்தின் பள்ளியில் பாடம் சொன்னவர் நாள்தோறும் நூலகம் நடத்திக்கொண்டிருந்த நூலகர்தான். வரும் ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்குள் முதல் பத்துக் கட்டுரைகள் வந்துவிட்டால், அவற்றைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.